பாபநாசம் டு காரையாறு: கட்டுச்சோறோடு ஆத்துக்குக் கிளம்புறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. வேன் வாசலில் நிற்கிறது. பெரிய தூக்கில் புளியோதரை, இன்னொன்றில் தயிர்சாதம், எவர்சில்வர் டப்பாவில் உருளைக்கிழங்கு பொரியல். துண்டுகளை மூட்டையாகக் கட்டியாச்சு. பிள்ளைகள் ஜன்னல் ஓர சீட்டுக்குச் சண்டை போட ஆரம்பிச்சாச்சு. "ஆத்தா, மோர்மிளகாய் எடுத்தியா?" என்று யாரோ ஒருவர் கடைசி நிமிடத்தில் கேட்க, வேன் மறுபடி நிற்கிறது.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி ரொம்பவே பழக்கம். வேன் போகிற இடமும் தெரியும்: பாபநாசம். கோயில், அகத்தியர் அருவி, சொரிமுத்து அய்யனார், காரையாறு அணை. நம் தாத்தா பாட்டி மாட்டுவண்டி கட்டிப் போன அதே வழி.

ஆனால், அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. நீங்கள் சாப்பாட்டு மூட்டையோடு போய் உட்காரும் அந்த ஆற்றங்கரை ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அதோடு, நீங்கள் குளிக்கும் தண்ணீர்தான் அப்புறம் கீழே உள்ள ஊர்களின் குடிநீர்க் குழாயில் வருகிறது. இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு போனால் டூர் சூப்பராக அமையும். மறந்துட்டுப் போனால் நமக்கும் ஆபத்து, ஆற்றுக்கும் ஆபத்து.

முதல்ல, இது என்ன இடம்?

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும்வரை ஓடும் தூரம் சுமார் 125 கி.மீ. தமிழ்நாட்டின் பெரிய ஆறுகளோடு ஒப்பிட்டால் சின்ன ஆறுதான். ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்குக் கிடைக்கின்றன. அதனால்தான் 'வற்றாத ஜீவநதி' என்ற பெயர்.

மலையைவிட்டு இறங்கியதும் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் வழியாக வயல்களுக்குப் பாய்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீருக்கும் இதே ஆறுதான்.

முண்டந்துறை 1962-ல் சரணாலயம் ஆனது. களக்காடு 1976-ல். இரண்டையும் சேர்த்து 1988-ல் 'களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்' உருவானது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். பரப்பு சுமார் 895 சதுர கி.மீ. புலி, சிறுத்தை, யானை, கரடி, மிளா, சிங்கவால் குரங்கு, கருமந்தி, நீர்நாய் என்று இங்கே குடியிருப்போர் பட்டியல் நீளம். கேரளாவில் பிரபலமாகி, தேனி பக்கம் வந்து ஊரையே கலக்கிய அரிக்கொம்பனை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டதும் இந்தக் காப்பகத்தின் காட்டில்தான்.

புலியைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் ஆசையோடு போகாதீங்க. சாலையோரமாகப் போய்வரும் நமக்குக் குரங்கும் மானும் கண்ணில்பட்டாலே அதிர்ஷ்டம்.

எப்போ போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை குடும்பத்தோடு போக வசதியான காலம். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீரும் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் சீஸன். ஊரே குற்றாலத்துக்கு ஓடும்போது இங்கேயும் கூட்டம் வரும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தினாலும் அகத்தியர் அருவியில் தண்ணீர் விழும் என்பது இந்த இடத்தின் பெரிய ப்ளஸ்.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை யோசித்துப் போங்க. நெல்லைச் சீமைக்கு வெள்ளம் வருவது இந்த மாதங்களில்தான். 1992 நவம்பர் வெள்ளத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியதும், தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கிளம்பும் முன் ஒரு சின்ன வேலை. செய்தித்தாளில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தைப் பாருங்க. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156 அடி. அணை நிரம்பும் நிலையில் இருந்து, மலையில் மழையும் பெய்கிறது என்றால் அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது. எப்போது வேண்டுமானாலும் உபரிநீரைத் திறப்பார்கள். புலிகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களிலும், வெள்ள எச்சரிக்கை இருக்கும்போதும் வனத்துறை யாரையும் உள்ளே விடாது. பிள்ளைகளிடம் ஆசை காட்டுவதற்கு முன்பே இதை விசாரித்துவிட்டால் செக்போஸ்ட்டில் ஏமாற்றம் இருக்காது.

எப்படிப் போவது?

திருநெல்வேலியில் இருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் சுமார் 50 கி.மீ. பேருந்துகள் நிறைய உண்டு. ரயில் என்றால், திருநெல்வேலி - செங்கோட்டை பாதையில் அம்பாசமுத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். பாபநாசத்துக்கு மேலே அணைப்பகுதிக்குப் போகும் பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்தில் மலை ஏறும் இடத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி. இங்கேதான் சீட்டு வாங்க வேண்டும். பையைத் திறந்து பார்ப்பார்கள். "என்ன சார், ஃபேமிலியா வந்திருக்கோம், எங்களப் போய் சந்தேகப்படுறீங்க?" என்று பலருக்குக் கோபம் வருகிறது. பிளாஸ்டிக் கவர், மது பாட்டில் இரண்டையும்தான் தேடுகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு முழுக்கவே 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. காட்டுக்குள் விடுவார்களா?

மாலையில் சோதனைச்சாவடியை மூடும் நேரத்தைப் போகும்போதே கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிடுங்கள். இருட்டினால் அந்தச் சாலை யானைக்கும் கரடிக்கும் சொந்தம்.

எங்கே என்ன பார்க்கலாம்?

*பாபநாசநாதர் கோயில்:* நவகைலாயங்களில் முதலாவது. உலகம்மை உடனுறை பாபநாசநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பலரும் மலை ஏறுகிறார்கள். கோயில் எதிரேயே ஆறு. சோதனைச்சாவடிக்குக் கீழே இருப்பதால், வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் குடும்பத்துக்கு இங்கேயே நாளைக் கழிப்பது சுலபம்.

*அகத்தியர் அருவி:* பாபநாசத்திலிருந்து சில கி.மீ தூரம். கம்பித் தடுப்புக்குள் நின்று குளிக்கும் வசதி இருக்கிறது. இதற்கு மேலே இருப்பது கல்யாண தீர்த்தம். அகத்தியருக்குச் சிவன் - பார்வதி திருமணக் காட்சி கிடைத்த இடம் என்பது ஐதீகம். பார்க்க அமைதியான தடாகம் மாதிரி இருந்தாலும் ஆழம் அதிகம், அங்கே தண்ணீரில் இறங்கவே கூடாது.

*சொரிமுத்து அய்யனார் கோயில்:* தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம். இங்கே பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அந்தச் செருப்பு தேய்ந்திருந்தால் சாமி போட்டு நடந்திருக்கிறார் என்று நம்பிக்கை. ஆடி அமாவாசைக்கு ஜனம் திரண்டுவிடும். சிங்கம்பட்டி ஜமீனின் கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி, 2020-ல் மறையும்வரை அன்றைக்கு ராஜ உடையில் வந்து தர்பாரில் அமர்ந்து காட்சி தருவது வழக்கம். திருவிழா நாட்களில் வாகனக் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும். சும்மா பிக்னிக் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

*காரையாறு:* நாம் பேப்பரில் படிக்கும் 'பாபநாசம் அணை' இதுதான். இந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் இயங்கத் தொடங்கியது. அணைக்கு அந்தப் பக்கம் பாணதீர்த்தம் அருவி. படகில் ஏறிப்போய்க் குளித்த காலம் ஒன்று உண்டு. அப்புறம் பல வருடங்கள் அனுமதியே இல்லை. அங்கே போகும் திட்டம் இருந்தால் சோதனைச்சாவடியில் கேட்டு, அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இந்தப் பகுதியில் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே வாழ்பவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்காமல் செல்ஃபி எடுக்காதீங்க. நம் வீட்டு வாசலில் யாராவது வந்து எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

தண்ணீரில் இறங்கும் முன்...

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வேனில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக்காட்டுங்க.

மலை ஆற்றில் நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்கிப்போகிறார்கள். கிணற்றிலும் குளத்திலும் பழகிய நீச்சல் இங்கே கைகொடுக்காது. முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் கசம் இருக்கும். பாறை இடுக்கில் கால் மாட்டும். பாசி பிடித்த பாறையில் வழுக்கி, தலை அடிபட்டு, மயக்கத்திலேயே தண்ணீருக்குள் போனவர்கள் உண்டு.

ஒரு தடவை எங்கள் குடும்பத்தோடு போனபோது, பெரியம்மா பேரன் கரையிலிருந்து ரெண்டே எட்டு வைத்தான். கணுக்கால் தண்ணீர்தானே என்று நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வழுக்கி விழுந்தவனைத் தண்ணீர் இழுத்தது. கீழ்ப்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த சித்தி எட்டிச் சட்டையைப் பிடித்தார். அவ்வளவுதான், பத்து விநாடி. அன்றைக்கு மதியம் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

- வனத்துறை குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். 'ஆபத்தான பகுதி' போர்டு இருந்தால், அங்கே ஏற்கெனவே யாரையோ இழந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.
- பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை முறை வைத்து நியமியுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். முறை வரும் ஆள் கையில் போன் இருக்கக் கூடாது.
- காற்றடைத்த டியூபை நம்பிக் குழந்தையை ஓடும் தண்ணீரில் விடாதீர்கள். டியூபோடு சேர்த்து இழுத்துப் போய்விடும்.
- தலைகீழாக டைவ் அடிக்காதீர்கள். போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இன்றைக்கு மணலோ கல்லோ வந்து சேர்ந்திருக்கும்.
- குடித்தவரை ஆற்றுப்பக்கமே விடாதீர்கள். 'மாமா கோவிச்சுக்குவார்' என்று பார்க்காதீர்கள்.

தண்ணீர் திடீரென்று ஏறுவதற்குச் சில அறிகுறிகள் உண்டு. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கலாக மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். ஆற்றின் இரைச்சல் கூடும். கொஞ்சம் முன்பு நீங்கள் உட்கார்ந்திருந்த பாறை நனைய ஆரம்பிக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் துண்டு, செருப்பு, தூக்குவாளி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கரை ஏறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம். மழை மேலே மலையில் பெய்திருக்கும். அணையிலிருந்தோ மின் நிலையத்திலிருந்தோ தண்ணீர் திறந்தாலும் இப்படித்தான் ஏறும்.

யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன சோகம் நம் ஊர் ஆறுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வேட்டியோ புடவையோ முடிச்சுப்போட்டு வீசுங்கள், நீளமான கம்பை நீட்டுங்கள், சத்தம் போட்டு வனத்துறை ஆட்களைக் கூப்பிடுங்கள். காட்டுக்குள் செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. 108-ஐ அழைக்கக்கூட முடியாமல் போகலாம். அதனால் பாதுகாப்பு முழுக்க உங்கள் கையில்தான்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய்... மூணும் வேண்டாம்!

அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்தத் தடை இருக்கிறது. ஆற்றிலும் அதையே கடைப்பிடியுங்கள். 'ஒரு பாக்கெட் ஷாம்புல ஆறு கெட்டுப்போயிருமா' என்று தோன்றும். ஒரு விடுமுறை நாளில் எத்தனை வேன் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தாமிரபரணியின் பெயரையே தன் அறிவியல் பெயரில் வைத்திருக்கும் ஒரு குட்டி கெண்டை மீன் இருக்கிறது. 'டாகின்சியா தாம்பரபர்னியெய்' என்பார்கள். 1954-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இந்த மாதிரி மீன்களுக்குப் போய் வாழ வேறு ஆறு கிடையாது. நுரை அடங்கி நம் கண்ணிலிருந்து மறைந்தாலும், அது மீன் செவுளைத் தாண்டித்தான் கீழே போகிறது. அப்புறம் வருவது அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி. உங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் அந்த வரிசையில் இருக்கலாம்.

துணியை விட்டுட்டு வராதீங்க

இது கொஞ்சம் மனசு சம்பந்தப்பட்ட விஷயம். பரிகாரமாகக் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கம் பாபநாசத்தில் இருக்கிறது. அந்தத் துணி பாவத்தோடு போய்விடுவதில்லை. நான்கு அடி தள்ளிப் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. பாலியெஸ்டர் புடவை மக்காது. அடுத்து குளிக்க வரும் பிள்ளையின் காலில் சுற்றி, எழவிடாமல் செய்கிறது. தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக எடுத்தும் தீரவில்லை.

நம்பிக்கையை யாரும் குறை சொல்லவில்லை. குளித்து முடித்ததும் துணியைப் பிழிந்து, கரையில் இதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். தொட்டி கண்ணில்படவில்லை என்றால் ஒரு பையில் எடுத்து வந்துவிடுங்கள். பாபநாசநாதர் கணக்கில் அது குறையாது.

குரங்குக்கு வடை கொடுக்கலாமா?

கூடாது. பிள்ளை ஆசைப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், நம் கைச்சாப்பாட்டுக்குப் பழகிய குரங்கு காட்டுக்குள் இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டு சாலைக்கு வருகிறது. வண்டியில் அடிபட்டுச் சாகிறது. சாப்பாடு தராதவரின் பையைப் பிடுங்குகிறது, கடிக்கிறது. கடித்தாலோ பிராண்டினாலோ உடனே சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ரேபிஸ் விஷயத்தில் 'சின்ன கீறல்தானே' என்பதெல்லாம் கிடையாது. கழுவும் வேலையை மட்டும் ஆற்றில் செய்யாமல், கரையில் தண்ணீரை மொண்டு ஊற்றிச் செய்யுங்கள்.

மிச்சம் சோற்றை மரத்தடியில் கொட்டுவதும் இதே கதைதான். பன்றி, நாய் என்று வரிசையாக வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். மலையடிவாரக் கிராமங்களில் சிறுத்தையும் கரடியும் வந்து போவது புதிய செய்தி இல்லை. நாம் மாலையில் ஊருக்குத் திரும்பிவிடுவோம். அந்த ஊர்க்காரர்கள் அங்கேயேதான் தூங்க வேண்டும்.

கட்டுச்சோறு டிப்ஸ்

- காட்டுக்குள் அடுப்பு மூட்டும் யோசனையே வேண்டாம். வெயில் காலத்தில் ஒரு தீப்பொறி போதும். வீட்டிலேயே சமைத்து எடுத்துப் போங்கள். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் மதியம்வரை கெடாது. தயிர்சாதத்தில் பால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிப் பிசைந்தால் புளிக்காது.
- எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டுபோவது பெஸ்ட். வாழை இலை என்றாலும், சாப்பிட்டபிறகு சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.
- சிப்ஸ் பாக்கெட்டை வீட்டிலேயே பிரித்து டப்பாவில் கொட்டிவிடுங்கள். செக்போஸ்ட் வாக்குவாதம் பாதி குறையும்.
- ஆறு ஓடுகிறதே என்று குடிநீர் எடுக்காமல் போகாதீர்கள். பெரிய கேனில் வீட்டுத் தண்ணீர் இருக்கட்டும்.
- குப்பைக்கென்று ஒரு துணிப்பை. அது காலையில் காலியாகப் போய், மாலையில் நிறைந்து வர வேண்டும்.
- பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சத்தம் இல்லாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மலையணில் கத்துவது கேட்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்கூடத் தலைகாட்டும்.
- மாற்றுத் துணி, டார்ச், முதலுதவிப் பெட்டி, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் மறக்காதீர்கள். மழைக்காலம் என்றால் அட்டைக் கடிக்குக் கொஞ்சம் உப்பு.

ஒருநாள் திட்டம் இப்படி இருக்கட்டும்

காலை 8 மணிக்குள் பாபநாசம். சாமி தரிசனம், சாவடியில் சீட்டு. கூட்டம் சேருவதற்கு முன் அகத்தியர் அருவியில் குளியல். பதினொரு மணிக்குமேல் சொரிமுத்து அய்யனார் கோயில். அனுமதியுள்ள இடத்தில் நிழல் பார்த்து மதியச் சாப்பாடு. அதன்பின் ஆற்றில் இறங்க வேண்டாம். உண்ட மயக்கம், போதாக்குறைக்கு மலையில் பல நாள் மழை பிற்பகலில்தான் கட்டும். காரையாறு அணையைப் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குக் கீழே இறங்கினால் இருட்டுவதற்குள் வீடு.

கிளம்பும்போது எல்லோரும் வேனில் ஏறியாச்சா என்று தலையை எண்ணுவோம் இல்லையா? கூடவே உட்கார்ந்திருந்த இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஊறுகாய் பாக்கெட், உடைந்த ரப்பர்பேண்ட், பாப்பாவின் டயப்பர் எதுவும் கிடக்கக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வேன் அங்கே வந்து நிற்கும். அதிலும் ஒரு ஆத்தா, ஒரு தூக்குப் புளியோதரை, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்ட ரெண்டு பிள்ளைகள் இருப்பார்கள்.

நல்லபடியா போய்ட்டு வாங்க!